இருட்டினால் மயங்கும் கேமரா

பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கும் சித்தப்பா ஒருநாள் சாயங்காலம் போன் செய்தார். "கேட்டுல மாட்டுன கேமரா பகல்ல நல்லாத்தான் இருக்குது கண்ணு. பொழுது எறங்குச்சுன்னா கண்ணை மூடிக்குது. திருடன் என்ன பகல்லயா வருவான்?" மாட்டியவர் இரண்டு தடவை வந்து பார்த்து, கடைசியில் கேமராவையே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புதுக் கேமராவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் 70 மீட்டர். அதனால் கேமராவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. "வயர் என்ன வயருங்க சித்தப்பா?" என்றேன்.

"வயர்னா வயர்தான். வெள்ளையா இருக்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் டிவிஆர் பெட்டியை ஒட்டியிருந்த அடாப்டரில் 12.2 வோல்ட் இருந்தது. கேட்டில், கேமராவின் வாலில் அளந்தால் 9.4. வழியில் 2.8 வோல்ட்டைக் காணோம். பட்டப்பகலிலேயே இந்தக் கதை. பிறகு கேமராவின் முகத்தை உள்ளங்கையால் பொத்தினேன். ராத்திரி ஆகிவிட்டது என்று அது நினைத்துக்கொண்டது. உள்ளே ‘டிக்’கென்று ஒரு சத்தம். லென்ஸைச் சுற்றியிருந்த குட்டி விளக்குகள் மங்கலாகச் சிவந்தன. மீட்டரில் எண் மளமளவென்று சரிந்தது. விளக்குகள் அணைந்தன. அரை நிமிடம் போனதும் கேமரா தெளிந்து எழுந்து, இருட்டைப் பார்த்து, விளக்கைப் போட்டு, மறுபடி மயங்கி விழுந்தது. விடிய விடிய அது இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது.

பகலில் அந்தக் கேமராவுக்கு 1.4 வாட் போதும். இருட்டியதும் அகச்சிவப்பு எல்இடிகள் எரிந்தாக வேண்டும். அப்போது 4 வாட் கேட்கும். வயரின் இரண்டு பவர் கம்பிகளையும் கேட்டில் ஒன்றாக முறுக்கிவிட்டு, வீட்டுப் பக்கம் வந்து தடையை அளந்தேன். 19 ஓம். கம்பியின் விட்டம் சுமார் அரை மில்லிமீட்டர். மின்சாரம் போக 70 மீட்டர், திரும்பி வர 70 மீட்டர். 0.15 ஆம்பியர் ஓடினால் 19 ஓமில் 2.8 வோல்ட் தொலையும் என்பது பள்ளிக்கூடத்து ஓம் விதி. மீட்டர் காட்டியதும் அதுவேதான்.

ராத்திரிக் கணக்கு இன்னும் கொடியது. கம்பி ஒரு விசித்திரமான சுமைகூலிக்காரன். சுமை இரண்டு மடங்கானால் நாலு மடங்கு கூலி கேட்பான்: ஆம்பியர் இரட்டித்தால் கம்பி விழுங்கும் வாட் நான்கு மடங்காகிறது. கேமராவோ பிடிவாதக்காரன். அதன் உள்ளே இருக்கும் சுற்று, வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுத்துத் தன் வாட்டைச் சரிக்கட்டப் பார்க்கும். அது இழுக்க இழுக்கக் கம்பியில் இழப்பு கூடும். இழப்பு கூடக் கூட வோல்ட் இன்னும் இறங்கும். இதற்கு ஓர் எல்லை உண்டு. இருக்கிற வோல்ட்டில் பாதியைக் கம்பியும் பாதியைக் கேமராவும் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில்தான் கேமராவுக்கு அதிகபட்ச வாட் கிடைக்கும். 12.2-இல் பாதி 6.1. அதை 19-ஆல் வகுத்தால் 0.32 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 2 வாட்கூடத் தேறவில்லை. அந்த வெள்ளை வயரின் மறுமுனையில் எந்தக் கம்பெனிக் கேமராவைக் கட்டினாலும், தலைகீழாக நின்றாலும், 2 வாட்டுக்கு மேல் போய்ச் சேராது. 4 வாட் கேட்கும் கேமரா மயங்காமல் என்ன செய்யும்?

கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளப்பு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். ‘சிசிஏ’ என்று கடைக்காரர்கள் சொல்லும் சரக்கு இதுதான். மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பில் சுமார் 61 சதவீதம். விலையும் எடையும் குறைவு. இதை மோசடி என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. அதிவேகமாகத் துடிக்கும் சமிக்ஞைகள் கம்பியின் மேல்தோலிலேயே ஓடிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவை பார்ப்பதில்லை. அதனால் ஆன்டெனா வயர்களில் இந்த முலாம் நியாயமான சிக்கனம். கேமராவுக்குப் போகும் 12 வோல்ட் நேர்மின்சாரமோ கம்பியின் முழு உடம்பிலும் ஓடும். அதற்கு அலுமினியம் அலுமினியம்தான். வாங்கும்போது ரோலைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 9 கிராம் நிற்கும், அலுமினியம் 2.7 கிராம். கை பொய் சொல்லாது.

ஆனால் பழி முழுவதையும் அலுமினியத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. அதே தடிமனில் சுத்தமான செம்பு இழுத்திருந்தால் தடை 12 ஓம் சுமார் இருந்திருக்கும். மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால், அதிகபட்சம் 3 வாட். 4 வாட் கேமரா அப்போதும் விழுந்திருக்கும். உண்மையான குற்றம், 12 வோல்ட்டை 70 மீட்டருக்கு நடத்திக் கூட்டிப்போக நினைத்ததுதான்.

மின்வாரியம் இந்தத் தவறைச் செய்வதில்லை. வயல்களுக்கு நடுவே நிற்கும் ராட்சதக் கோபுரங்களில் 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று ஏற்றிக் கொண்டுபோவது ஏன்? வோல்ட் உயர்ந்தால் அதே வாட்டைக் கொஞ்சம் ஆம்பியரிலேயே அனுப்பிவிடலாம். கம்பியின் கூலி சடாரென்று குறையும். கேமரா உலகத்தில் இதே தந்திரத்துக்கு ‘பிஓஇ’ என்று பெயர். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வயரிலேயே பவரையும் சேர்த்து அனுப்பும் முறை. 2003-இல் தரப்படுத்தப்பட்டது. சுமார் 48 வோல்ட்டில் கிளம்பி, முதல் தரத்தில் கேமராவுக்கு 12.95 வாட் வரை கொண்டுசேர்க்கும். 2009-இல் வந்த அடுத்த தரத்தில் 25.5 வாட். சித்தப்பாவின் கேட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், 4 வாட்டுக்கு 0.08 ஆம்பியர் சொச்சம். போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி என்று பங்கிட்டுக்கொள்வதால் தடையும் 6 ஓம்தான். வழியில் தொலைவது அரை வோல்ட். 48-இல் அரை போனால் யார் கேட்கப்போகிறார்கள்?

அன்று ராத்திரிக்கு மட்டும் ஓர் எளிய வழி செய்தோம். கேட்டில் ஏற்கெனவே 230 வோல்ட் விளக்கு ஒன்று எரிகிறது. அடாப்டரைப் பிடுங்கிக்கொண்டுபோய், மழை படாத பெட்டிக்குள் வைத்து அங்கேயே மாட்டினோம். வெள்ளை வயர் இனிமேல் படத்தை மட்டும் சுமந்தால் போதும். அதை அது ஒழுங்காகவே செய்தது. ‘மூணு ப்ளஸ் ஒண்ணு’ என்று கடையில் கேட்டு வாங்கும் இந்த வயருக்குள் மூன்று மெல்லிய கம்பிகளோடு ஒரு கோஆக்சியலும் இருக்கிறது: நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, காப்பைச் சுற்றிப் பின்னல் வலை. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை வலை தடுத்துவிடும். இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு 1880-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நல்ல கோஆக்சியலில் இன்றைய அனலாக் எச்டி படம் 300 மீட்டர்கூடத் தாண்டிப் போகும். அதனால்தான் இந்தக் கோளாறு பலரையும் ஏமாற்றுகிறது. பகலில் படம் துல்லியமாக வருகிறதே, வயரில் என்ன குற்றம் இருக்க முடியும் என்று தோன்றும். படம் போகும், பவர் போகாது.

இந்த வலையை அஜாக்கிரதையாக விட்டால் அதுவே வேறு வம்பைக் கொண்டுவரும். கேட்டின் இரும்புக் கம்பத்தில், கோஆக்சியலின் முனையிலுள்ள பிஎன்சி பிளக்கின் உலோகம் உரசிக்கொண்டிருந்தால், வலை ஒரு முனையில் கம்பத்து மண்ணையும் மறுமுனையில் வீட்டு எர்த்தையும் தொடும். இரண்டு மண்ணும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் வலை வழியாக ஓட, படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் மெதுவாக உருளும். பிளக்கைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றினால் மறைந்துவிடும் இந்தப் பேய்க்காக டிவிஆரையே மாற்றியவர்கள் உண்டு.

மறுமாதம் பிஓஇ கேமராவுக்காகச் செம்புக் கேட்-6 என்ற நெட்வொர்க் வயரை பிவிசி பைப்புக்குள் விட்டு இழுத்தோம். தென்னந்தோப்பில் அணில் கடிக்காமல் இருக்கப் பைப் கட்டாயம். இந்த வயருக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. முறுக்குதான் இதன் உயிர். வெளியிலிருந்து பாயும் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சமமாகத் தாக்கும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படித்தால் இரைச்சல் கழிந்துவிடும். 1881-இல் தொலைபேசிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். நான்கு ஜோடிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முறுக்கு வேகம் கொடுத்திருப்பார்கள். உறையை உரித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

கிரிம்பிங் செய்தது நான். இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். ஆர்ஜே-45 பிளக்கில் வண்ணங்களுக்கு ஒரு வரிசை உண்டு: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து மூன்றாவதிலும் ஆறாவதிலும் உட்காரும் இந்த விநோதம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வெயிலில் அவசரப்பட்டு, ஜோடி ஜோடியாகவே வரிசையாகச் சொருகிவிட்டேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டுவரை எல்லா விளக்கும் அழகாக எரிந்தன. கேமரா மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை காணாமல் போனது. மூன்று, ஆறு என்ற இரண்டு பின்களுக்கும் சேர்ந்து ஓட வேண்டிய சமிக்ஞை, வெவ்வேறு ஜோடிகளைச் சேர்ந்த இரண்டு கம்பிகளில் ஓடிக்கொண்டிருந்தது. முறுக்கு இருந்தும் பயனில்லை. கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவு டெஸ்டருக்கு இந்தத் தப்பு தெரியவே தெரியாது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. இளநீர் ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த வயருக்கு எல்லை 100 மீட்டர். அதைத் தாண்டினால் நடுவில் ஒரு சுவிட்ச், அல்லது ஃபைபர். இடி அதிகம் விழும் ஊர்களில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வயருக்கு நான் ஃபைபரைத்தான் சொல்வேன். எங்கோ விழுந்த மின்னல்கூட நீண்ட செம்புக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டி, வரிசையாக எல்லாப் பெட்டிகளையும் சாப்பிட்டுவிடும். கண்ணாடி இழைக்கு அந்தச் சங்கதியே கிடையாது. கேமராவும் வயரும் சேரும் பெட்டியில் வயரைக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இந்த ஒரு முழ வயரை மிச்சம் பிடித்ததால் துருப்பிடித்த பிளக்குகளை எண்ணி மாளாது.

இவ்வளவு நேரம் வயரையே பேசினேன். கடைக்குப் போகிறவர்கள் கேட்பதோ ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்றுதான். அதைவிட, முகம் எவ்வளவு தூரத்தில் அடையாளம் தெரியும் என்று கேட்கலாம். இதற்கு உலகெங்கும் புழங்கிவரும் அளவுகோல் ஒன்று உண்டு. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தை வைத்து அடையாளம் சொல்ல வேண்டுமென்றால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் விழ வேண்டும். முகத்துக்குச் சுமார் 40. ஏற்கெனவே தெரிந்த ஆளா என்று சொல்ல 125 போதும். யாரோ வந்தார்கள் என்று மட்டும் அறிய 25. இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படத்தில் குறுக்கே 1920 பிக்சல். 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர் அகலம். கடையில் பெரும்பாலும் கொடுக்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் விரித்துப் பார்ப்பது. அந்த அகலம் அதற்கு மூன்று மீட்டரிலேயே வந்துவிடும். மூன்று மீட்டருக்கு அப்பால் நிற்கும் புது ஆள் வெறும் உருவம். அதே கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் குறுகலாகப் பார்க்கும். ஏழு மீட்டரில் நிற்பவனையும் நீதிமன்றத்தில் காட்டலாம். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எவரையும் பார்க்க முடியாது என்பதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்கத்தான் எனக்கு நேரம் பிடித்தது. ரோடு, களம், பம்ப் செட் மூன்றும் ஒரே கேமராவில் வேண்டும் என்றார்.

மெகாபிக்சலைக் கூட்டினால் ஆகாதா? பகலில் ஆகும். ராத்திரியில் வேறு கணக்கு. ஒரே அளவு சென்சாரில் 2 மெகாபிக்சலுக்குப் பிக்சலின் பக்கம் 2.9 மைக்ரான் என்றால், 8 மெகாபிக்சலுக்கு 1.45. பரப்பு நாலில் ஒரு பங்கு. விழும் ஒளியும் நாலில் ஒரு பங்கு. இருட்டில் அந்தப் படம் ரவை தூவினாற்போல் இருக்கும்.

உயரமும் முக்கியம். திருடன் கைக்கு எட்டக் கூடாது என்று 15 அடிக் கம்பத்தின் உச்சியில் மாட்டியிருந்தார்கள். அங்கிருந்து தெரிவது தொப்பியும் வழுக்கையும்தான். நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர், கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து வீட்டுக் கேமராவுக்கு 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். அவர் கதவில் வைத்தது நான்கு துளைகள், வெவ்வேறு உயரத்தில். கேமரா மேலும் கீழும் நகர்ந்து ஒவ்வொரு துளையிலும் எட்டிப் பார்க்கும். நெட்டையோ குட்டையோ, வந்தவர் முகம் தெரிய வேண்டும் என்பதே அவர் அக்கறை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் ஊரில் கேமரா காக்கைக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாங்கள் எட்டரை அடிக்கு இறக்கினோம், மேற்கே பார்த்த முகத்தையும் திருப்பினோம். சாயங்கால வெயில் நேரே விழுந்தால் வருகிறவரெல்லாம் நிழல்பொம்மைதான்.

உள்ளங்கையால் பொத்தியபோது ‘டிக்’ என்று கேட்டதே, அது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவிலிருந்து ஒரு கண்ணாடி நகர்ந்த சத்தம். சிலிக்கான் சென்சார் நம் கண்ணைவிட அதிகம் பார்க்கும். நமக்கு 700 நானோமீட்டர் வாக்கில் சிவப்பு முடிந்துவிடுகிறது. அதற்கு 1100 வரை ஓடுகிறது. பகலில் அந்த அகச்சிவப்பு உள்ளே வந்தால் வண்ணங்கள் கெடும் என்பதால் கண்ணாடி தடுக்கிறது. இருட்டியதும் விலகி வழிவிடுகிறது. அதோடு 850 நானோமீட்டர் விளக்குகள் எரிகின்றன, லேசாகச் சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்கே தெரியாது. ஆனால் அங்கே சென்சாரின் கூர்மையும் குறைவு, எட்டும் தூரமும் குறைவு. இந்த வெளிச்சத்தில் உலகம் வேறு. தென்னை ஓலை பனி படிந்தது போல் வெளுத்திருக்கும், பச்சை இலைகள் அகச்சிவப்பைத் திருப்பி அடிப்பதால். சில கறுப்புத் துணிச் சாயங்கள் இந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. ராத்திரிப் படத்தில் வெள்ளைச் சட்டை போட்டவன் என்று நீங்கள் சத்தியம் செய்யும் ஆள், நேரில் கறுப்புச் சட்டையில் இருக்கலாம்.

பதிவு எத்தனை நாள் நிற்கும்? கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட். நான்கு கேமராவுக்கு ஒரு டெராபைட் டிஸ்க் பதினோரு நாள் சொச்சம். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்துப் பதிவுகளை 18 மாதம் காக்க வேண்டும் என்றது. அது முடியாத இடத்தில் ஓராண்டாவது. இந்த வேகத்தில் 18 மாதம் என்றால் ஒரு கேமராவுக்கே ஏறத்தாழ 12 டெராபைட். தீர்ப்பை எழுதுவது எளிது, டிஸ்க் வாங்க வேண்டியவருக்குத்தான் தெரியும் அதன் கனம். சித்தப்பாவுக்கு ஒரு மாதம் போதும். படத்தைச் சுமார் பாதியாகச் சுருக்கும் எச்.265-ஐப் போட்டு இரண்டு டெராபைட்டில் முடித்தோம்.

பாஸ்வேர்டை மாற்றச் சொன்னபோது, "கொப்பரையைப் பாத்து எவன் என்ன பண்ணப் போறான்?" என்றார். கொப்பரை அவர்களுக்கு வேண்டாம், பெட்டிதான் வேண்டும். 2016-இல் ‘மிராய்’ என்ற நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகமெங்கும் தேடிப் பிடித்துப் படையாகத் திரட்டியது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படை டைன் என்ற இணைய முகவரி நிறுவனத்தைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் தடுமாறின. சித்தப்பா கடைசியில் நாலு பேரப்பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து நீளமாக ஒன்று வைத்தார்.

கேட்டுக் கேமரா இப்போது ராத்திரி முழுக்க விழித்திருக்கிறது. முதல் வாரத்திலேயே மறுபடி போன். "விடிய விடிய ஆள் நடமாட்டம்னு போன்ல மணி அடிக்குது கண்ணு, போய்ப் பாத்தா ஒருத்தனும் இல்ல." பதிவைப் பார்த்தால், திரையின் பாதியை மறைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு கயிறு ஆடுகிறது. விளக்கைத் தேடிப் பூச்சி வருகிறது, பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. லென்ஸுக்கு ஓர் அங்குலத்தில் கட்டிய நூலில் அகச்சிவப்பு பட்டுத் தெறித்து, இழை ஒன்றும் வடக்கயிறாகத் தெரிகிறது. இதற்கு என்ன மெஷின் வாங்க வேண்டும் என்று கேட்டார். ஈர்க்குமாறு என்றேன். நீளக் கழியில் கட்டிய ஒன்று இப்போது கேட்டோரம் சாத்தியிருக்கிறது.